பீடமும் கடற்கரையும்: குமரிக் கடலோரத்தில் பங்குத்தந்தையின் அதிகாரம்

குமரி மாவட்டக் கடலோரப் பங்கு ஒன்றில் ஞாயிறு திருப்பலியின் கடைசிப் பத்து நிமிடங்களைக் கவனித்தால், அங்கே குருவானவர் யார் என்பது விளங்கும். நற்கருணை வழங்கி முடிந்ததும் அறிவிப்புகள் தொடங்கும். திருமண ஓலை வாசிக்கப்படும். அன்பியக் கூட்டம் எந்த வீட்டில், மறைக்கல்வி எத்தனை மணிக்கு என்று சொல்லப்படும். அதே மூச்சில் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு யார் யார் வங்கிக் கணக்கு எண் தரவில்லை, துறைமுகம் குறித்த கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும், கடலில் காற்று மிகும் என்ற எச்சரிக்கை என எல்லாம் அந்த ஒரே ஒலிபெருக்கியில் வரும். அருளடையாளத்துக்கும் அரசாங்கத்துக்கும் அங்கே ஒரே வாசல்தான்.

இந்த நிலையைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. குருவின் ஊராட்சி பழைய நிலவுடைமைக் காலத்தின் எச்சம், கல்வி பரவினால் தானாக உதிரும் என்பது ஒன்று. அந்த ஆட்சி தளர்வது விசுவாசம் தளர்வதன் அறிகுறி என்பது மற்றொன்று. முன்னதைச் சீர்திருத்தவாதிகள் சொல்கிறார்கள், பின்னதைக் குருக்களில் பலர் வருத்தத்தோடு சொல்கிறார்கள். குருவின் உலகியல் அதிகாரமும் மக்களின் விசுவாசமும் ஒன்றாகவே பிறந்தவை என்ற அனுமானம் இரண்டுக்கும் பொது. வரலாறு அந்த அனுமானத்தை ஏற்கவில்லை.

1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் எந்த ஊரிலும் நெடுநாள் தங்கவில்லை. செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்து, ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை நியமித்துவிட்டு நகர்ந்தார். சாகும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் ஞாயிறன்று ஊரைக் கூட்டிச் செபம் சொல்லுவிப்பதும் அந்தப் பொதுநிலையினரின் பொறுப்பு. அவர்களுக்கு ஊதியம் தர, போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த நான்காயிரம் பணத்தை அவர் கேட்டு வாங்கினார். அடுத்து வந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். பதினாறு பக்கங்களே கொண்ட அந்த நூல் குருவானவர் இல்லாத ஊரிலும் கையில் வைத்து ஓதக்கூடியது. இவர்கள் சேர்ந்திருந்த இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டது. அச்சபையினர் 1838இல் மதுரை மிஷனுக்குத் திரும்பும்வரை, முத்துக்குளித்துறையில் குருக்கள் மிகச் சிலரே. கோயில்பிள்ளையும் உபதேசியாரும் சாதித்தலைவரும்தான் அன்றாட வழிபாட்டைத் தாங்கினார்கள். குருவானவர் எப்போதாவது வருபவர். விசுவாசம் அறுந்துபோகவில்லை.

ஆகவே ஊரிலேயே தங்கி, கணக்குப் பார்த்து, வழக்குத் தீர்த்து, ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும் பங்குத்தந்தை பெருமளவுக்குப் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளின் படைப்பு. எழுத்தறிவு பரவாத ஊரோடு பேச அரசுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பள்ளி, மருந்தகம், சாலை, பேரிடர் உதவி எல்லாம் அவர் கையெழுத்தின் வழியே வந்தன. நவீன நிர்வாகம் அவரை உதிர்க்கவில்லை, உருவாக்கியது. இதைச் சீர்திருத்தவாதிகள் காணத் தவறுகிறார்கள் என்பது என் கருத்து.

இந்த அதிகாரம் மிகத் துலக்கமாகத் தெரிந்த இடம் பீடமல்ல, மீன் ஏலம் நடக்கும் மணல். வள்ளமோ கட்டுமரமோ கரையேறியதும் மீன் கூறுகட்டப்படும். ஏலம் கூறப்படும். அந்த மீன்பாட்டில் கோயிலுக்கு ஒரு பங்கு உண்டு. அதை வசூலிக்கும் உரிமையையே ஊர் குத்தகைக்கு விட்டது. அதன் பக்கத்திலேயே இன்னொரு கை நீண்டிருந்தது. வலைக்கும் மரத்துக்கும் முன்பணம் கொடுத்து, பிடித்த மீனைத் தன்னிடமே விற்கக் கட்டிப்போட்ட தரகரின் கை அது. கோயில் பங்கு ஆலயமாக, திருவிழாவாக ஊருக்குத் திரும்பியது. தரகர் பங்கு திரும்பவில்லை. ஆனால் கடலோடியின் பக்கத்தில் நின்று பார்த்தால், மீனை விலைபேசும் உரிமை இரண்டு முறையிலும் அவனிடம் முழுதாக இல்லை.

கோட்டாறு மறைமாவட்டத்தில் பணியாற்றிய பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜேம்ஸ் டோம்பரும் அவரைச் சுற்றி இயங்கியவர்களும் 1970களில் ஊன்றிய மீனவர் சங்கங்களை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். திருவனந்தபுரம் மறைமாவட்டத்தின் மரியநாட்டில் முன்பே தொடங்கிய முயற்சியும் இதே வழிப்பட்டது. சங்கம் தானே ஏலத்தை நடத்தியது. விற்ற பணத்திலிருந்து கடன் தவணையும் சேமிப்பும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தது. கணக்கு எழுதியவர் ஊர் இளைஞர், தலைவர் கடலுக்குப் போகிறவர். முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பட்டதும் இந்த இயக்கத்தின் பகுதியே. குருக்கள் தங்கள் செல்வாக்கைச் செலவிட்டு, தங்கள் செல்வாக்கு தேவைப்படாத ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். இக்கடற்கரையின் திருச்சபை வரலாற்றில் இதைவிடத் துணிந்த மறைப்பணி இருபதாம் நூற்றாண்டில் நடக்கவில்லை என்று நான் கருதுகிறேன். அதன் நினைவு மறைமாவட்ட விழா மலர்களில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

திருச்சபைச் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 285ஆம் விதி, அரசு அதிகாரம் செலுத்தும் பதவிகளைக் குருக்கள் ஏற்பதைத் தடுக்கிறது. 287ஆம் விதி, திருச்சபையின் உரிமைக்கோ பொது நலனுக்கோ தேவை என்று உரிய அதிகாரி கருதினாலன்றி, கட்சிகளிலும் தொழிற்சங்கத் தலைமையிலும் அவர்கள் ஈடுபடுவதை விலக்குகிறது. ஆனால் அதே தொகுப்பின் 536ஆம் விதி பங்குப்பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே தருகிறது. ஊரை ஆளவேண்டாம் என்று சொல்லப்பட்டவருக்கே பங்கில் இறுதிச் சொல்லும் இருக்கிறது. பங்கும் ஊரும் ஒன்றாகவே இருக்கும் கடற்கரையில் இந்த இரண்டும் மோதாமல் இருக்க முடியாது. ஊர்க்கமிட்டி விதிக்கும் தண்டமும் ஊர்விலக்கும் கோயில் வளாகத்தில் முடிவாகும்போது, தண்டிக்கப்பட்டவர் கமிட்டியின் மீது மட்டுமல்ல, பீடத்தின் மீதும் மனம் கசந்துபோகிறார். அந்தக் கசப்பைப் பல குடும்பங்கள் தலைமுறையாகச் சுமக்கின்றன.

2017 நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல் அடித்தபோது இந்த அமைப்பின் இரண்டு முகங்களும் ஒருங்கே தெரிந்தன. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தார்கள். இந்த ஊர்கள் தமிழ்நாட்டு நிர்வாகத்திலும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்திலும் உள்ளவை. காணாமற்போனோர் பட்டியலைப் பங்குகளே வீடுவீடாகக் கேட்டுத் தொகுத்தன. குருக்கள் முன்னின்றிராவிட்டால் அந்தப் பெயர்கள் அரசின் காதுக்கு எட்ட இன்னும் தாமதமாகியிருக்கும். இதை மறுப்பது நன்றிகேடு. எனினும் பட்டியல் தொகுப்பதை நாளை ஒரு மீனவர் சங்கமோ ஊராட்சியோ செய்யலாம், செய்யவும் வேண்டும். உடல் கிடைக்காத மகனுக்கு இறுதித் திருப்பலி எப்போது வைப்பது, வைத்தால் நம்பிக்கையை இழந்ததாகுமா என்று ஒரு தாய் கேட்டால், அவளோடு உட்கார எந்த அலுவலகத்தாலும் முடியாது. அந்த இடம் குருவுக்கு உரியது. மனு, கமிட்டி, கட்டட வேலை என்று அலையும் ஒருவருக்கு அதற்கு நேரம் எங்கே?

கோட்டாறு மண்ணின் புனிதர் ஒரு குருவல்லர் என்பதையும் இங்கே எண்ணவேண்டும். தேவசகாயம் பிள்ளை திருமணமானவர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். அவருக்குக் கிறிஸ்துவை அறிவித்த டிலனாய் ஒரு படைத்தளபதி. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டு இறந்த அவரை 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். பொதுநிலையினர் ஒருவர் வழியாக மற்றொருவருக்கு விசுவாசம் வந்த வழி அது. கணக்கப்பிள்ளைகளின் வழியும் அதுதான்.

குருவை ஊராட்சிச் சுமையிலிருந்து விடுவிக்கத் திருச்சபை புதுச் சட்டம் எழுதக் காத்திருக்க வேண்டியதில்லை. விசுவாசிகள் தந்த பொருளுக்கு விசுவாசிகளிடமே கணக்குக் காட்டவேண்டும் என்று 1287ஆம் விதி கூறுகிறது. பங்கில் நிதிக்குழு கட்டாயம் என்கிறது 537ஆம் விதி. ஆண்டுக் கணக்கை ஆலய வாசலில் ஒட்டுவதும், ஊர்வழக்கைக் கோயில் வளாகத்துக்கு வெளியே கொண்டுபோவதும், பங்குப்பேரவையின் முடிவைத் தள்ளும்போது காரணத்தை எழுத்தில் தருவதும் இன்றைய சட்டத்துக்குள்ளேயே ஆகக்கூடியவை. ஒரு பங்குத்தந்தை மனம் வைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.