மெய்நிகர் வலையமைப்புப் பொருத்தம்

மெய்நிகர் வலையமைப்புப் பொருத்தம் என்பது, மென்பொருளில் மட்டுமே வரையப்பட்ட ஒரு வலையமைப்பின் கணுக்களுக்கும் அவற்றை இணைக்கும் வழிகளுக்கும், தரவு மையத்தில் நிற்கும் உண்மையான சர்வர், சுவிட்ச், கேபிள் ஆகியவற்றில் இடம் ஒதுக்கும் முறையாகும். பல துறைகளோ நிறுவனங்களோ ஒரே கருவித் தொகுதியைப் பகிர்ந்துகொண்டாலும், ஒவ்வொன்றும் தனக்கே உரிய வலையமைப்பில் இயங்குவதுபோல் இயங்கவும், ஒன்றின் தரவு மற்றொன்றின் கண்ணில் படாதிருக்கவும் இது வழிசெய்கிறது.

ஒரே சுவிட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் வீலேன் முறை 1998இல் 802.1கியூ என்னும் தரமாக வெளிவந்தது. தரவுப் பொட்டலத்தின் தலைப்பில் அது சேர்க்கும் எண் 12 பிட் மட்டுமே ஆதலால், 4,094 வலையமைப்புகளுக்கு மேல் அதில் இடமில்லை. ஓர் அலுவலகத்துக்குத் தாராளமான இந்த அளவு, மேகக் கணிமை பெருகியபோது போதாமல் போயிற்று. 2014இல் வெளியான விஎக்ஸ்லேன், ஒரு பொட்டலத்தை மற்றொன்றின் உள்ளே பொதிந்து அனுப்பி, 24 பிட் எண்ணால் அவ்வெல்லையை 1.6 கோடிக்கும் மேலாக உயர்த்தியது.

எனினும் எண் வழங்குவதைவிட இடம் ஒதுக்குவதே கடினமான பணி. மூன்று சர்வர்களும் அவற்றுக்கிடையே நொடிக்கு 2 கிகாபிட் வேகமும் வேண்டும் என ஒருவர் கேட்டால், காலியிடமுள்ள சர்வர்கள் ஒரு மூலையிலும், நெரிசலற்ற கேபிள்கள் வேறொரு மூலையிலும் இருக்கக்கூடும். கணுக்களின் எண்ணிக்கை கூடக்கூடச் சேர்க்கைகள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால், மிகச் சிறந்த விடையைத் தேடாமல் ஏற்கத்தக்க விடையை விரைவில் காணும் வழிமுறைகளே நடைமுறையில் கையாளப்படுகின்றன. 2008இல் மின்லன் யூ, ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்ட் உள்ளிட்டோர், ஒரு மெய்நிகர் இணைப்பைப் பல பௌதிக வழிகளில் பிரித்து அனுப்பலாம் எனக் காட்டியது இத்துறையின் முக்கியத் திருப்பமாகும். அடுத்த ஆண்டு மொஷாரஃப் சவுத்ரியும் உடன் ஆய்வாளர்களும், சர்வர்களையும் வழிகளையும் ஒருங்கே கருத்தில் கொண்டு தேர்வுசெய்யும் முறையை முன்வைத்தனர்.

இந்தியாவில் இதற்கான பௌதிக அடித்தளம் அரசுத் திட்டங்கள் வழியாகவும் உருவானது. மாநிலத் தலைநகரையும் மாவட்ட, வட்டாரத் தலைமையிடங்களையும் குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இணைக்கும் மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்புத் திட்டத்துக்கு 2005 மார்ச்சிலும், மாநிலத் தரவு மையத் திட்டத்துக்கு 2008 ஜனவரியிலும் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் இவ்விரண்டையும் எல்காட் நிறுவனம் செயல்படுத்தியது. மேகராஜ் என்னும் தேசிய மேகக் கணிமைச் சேவை 2014இல் தொடங்கியது.

தரவு மையத்துக்குள் எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும், தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் போன்ற ஊருக்குச் சேவை சென்றடைவது சாலையோரக் கேபிளைப் பொறுத்தது. வரைபடத்தில் ஒன்றுக்கொன்று மாற்றாகக் காட்டப்படும் இரு மெய்நிகர் வழிகள் நிலத்தடியில் ஒரே குழாயில் சென்றால், பொக்லைன் எந்திரத்தின் ஒரே கொத்தில் இரண்டும் அறுந்துபோகும். இதனால்தான், ஒவ்வொரு வழியும் எந்தப் பள்ளத்தின் ஊடே செல்கிறது என்ற விவரமும் பொருத்தும் மென்பொருளுக்குத் தரப்பட வேண்டும்; அப்போதுதான் அதனால், ஒரு வழியைத் திருநெல்வேலிப் பக்கமாகவும் மற்றொன்றை ராஜபாளையம் பக்கமாகவும் ஒதுக்க முடியும்.