கருப்பை, இடுப்புக்குழிக் கட்டிகளின் படவழி நோயறிதல்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம்

கருப்பை, கருப்பைவாய், சினைப்பை ஆகியவற்றிலும் அவற்றைச் சூழ்ந்த இடுப்புக்குழியிலும் தோன்றும் கட்டிகளை, வயிற்றைத் திறக்காமலே உருவமாகக் கண்டு, அவற்றின் இடம், அளவு, இயல்பு ஆகியவற்றைத் தீர்மானிப்பது படவழி நோயறிதல் எனப்படும். ஊடுகதிர், மீயொலி, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய நான்கும் இதில் பயன்படுகின்றன. திருச்சி வட்டாரத்தில் முதலாவதை எக்ஸ்ரே என்றும் ஏனையவற்றைப் பொதுவாக ஸ்கேன் என்றும் மக்கள் சொல்வர். இவை வருமுன் மருத்துவரின் விரல்கள் தொட்டறிந்ததே சான்றாக இருந்தது. தட்டுப்படும் கட்டி நீர் நிறைந்ததா, திண்மையானதா, கருப்பையிலிருந்து வளர்ந்ததா, சினைப்பையிலிருந்து வளர்ந்ததா என்பது பல வேளைகளில் அறுவையின்போதுதான் தெரியவந்தது.

ரோண்ட்கன் 1895இல் கண்டறிந்த ஊடுகதிரின் பயன், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டபின் சென்னை மாகாணத்தில் வேரூன்றியது. ஆயினும் எலும்பைக் காட்டிய அக்கதிர் மென்திசுவைத் தெளிவாகக் காட்டவில்லை. கருப்பைத் தசையில் எழும் புற்றல்லாத கட்டியாகிய நார்க்கட்டி, சுண்ணாம்பு படிந்திருந்தால் மட்டுமே நிழலாகத் தெரியும். சினைப்பையில் வளரும் டெர்மாய்டு கட்டிக்குள் சில வேளைகளில் பல் முளைத்திருப்பதால், அந்தப் பல்லைக் கொண்டே கட்டியை அடையாளம் காண இயன்றது. இரத்த நாளத்தில் சாயம் செலுத்திச் சிறுநீர்ப்பாதையைப் படமெடுக்கும் முறை, கருப்பைவாய்ப் புற்று சிறுநீர்க்குழாயை நெரித்துச் சிறுநீரகத்தை வீங்கச் செய்துள்ளதா என்பதை உணர்த்தியது.

பெரிய மாற்றம் மீயொலியால், அதாவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் கொண்ட ஒலியால் வந்தது. திருவரங்கத் தீவிலுள்ள திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. இராமன், பெங்களூரில் நாகேந்திர நாத்துடன் இணைந்து 1935, 1936ஆம் ஆண்டுகளில், மீயொலி பாயும் ஊடகத்தில் ஒளி எவ்வாறு சிதறி விலகுகிறது என்பதற்குக் கணித விளக்கம் தந்தார். அவ்வாய்வு மருத்துவத்தை நோக்கிச் செய்யப்பட்டதன்று. எனினும் மீயொலியின் போக்கை ஒளியின் வழியே கண்ணால் காணும் முறைகளைப் புரிந்துகொள்ள அது உதவியது.

மருத்துவத்துக்கான வழி கொதிகலன் தொழிற்சாலையில் திறந்தது. உலோகத் தகட்டிலும் பற்றவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளதா என அறிய, மீயொலியைச் செலுத்தி எதிரொலியை அளக்கும் கருவி அங்கே இருந்தது. கிளாஸ்கோ நகரின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயான் டொனால்டு, அறுத்தெடுத்த நார்க்கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் 1955 ஜூலையில் காரில் ஏற்றிக்கொண்டு, அருகிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற அக்கொதிகலன் நிறுவனத்துக்குச் சென்று அக்கருவியில் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலையினர் மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைத் தந்தனர். நீர்க்கட்டியின் எதிரொலியும் திண்மக் கட்டியின் எதிரொலியும் தெளிவாக வேறுபட்டன. பின்னர், இரைப்பைப் புற்று முற்றிவிட்டதெனக் கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்ணின் வயிற்றில், மீயொலி காட்டியது பெரும் நீர்க்கட்டி. அறுவையில் அது சினைப்பைக் கட்டியெனத் தெரிந்து அகற்றப்பட, அவர் பிழைத்தார். மருத்துவர் ஜான் மக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோருடன் டொனால்டு எழுதிய கட்டுரை 1958 ஜூனில் லான்செட் இதழில் வெளிவந்தது.

திருச்சியைப் பொறுத்தவரை இவ்வரலாறு தனிப்பொருள் உடையது. திருவெறும்பூரில் 1965இல் தொடங்கிய பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையில், பற்றவைப்பின் உட்குறையைக் காணப் பயன்படும் கோட்பாடும், புத்தூரிலும் தில்லைநகரிலும் உள்ள ஸ்கேன் மையங்களில் கருப்பைக் கட்டியைக் காணப் பயன்படும் கோட்பாடும் ஒன்றே. இரண்டிலும் காற்று இடைபுகுந்தால் ஒலி உட்செல்லாது. ஆகவே உலோகத்தில் எண்ணெய் போன்ற திரவத்தையும் அடிவயிற்றில் ஜெல்லையும் தடவிய பின்னரே கருவியை வைக்கின்றனர்.

வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது, சிறுநீர்ப்பை நிரம்பினால் குடல் விலகிக் கருப்பை நன்கு தெரியும் என்பதால், பெண்கள் நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக் காத்திருக்க வேண்டியுள்ளது. 1980களில் பரவிய யோனிவழி ஸ்கேனுக்கு இது தேவையில்லை, தெளிவும் மிகுதி. ஆனால் மணமாகாத பெண்களுக்கு அதைத் தவிர்ப்பதே இங்கு வழக்கம். அதனால் படத்தின் தெளிவு குறைவதை ஆய்வாளர் எழுதும் அறிக்கை நேர்மையாகக் குறிப்பிடுதல் நன்று. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994இல் இயற்றி 2003இல் விரிவாக்கிய சட்டத்தின்கீழ் மீயொலிக் கருவி வைத்திருக்கும் மையங்கள் பதிவு செய்யப்பட வேண்டியவை. கட்டியைக் காண வருபவரும், கருவின் பாலினம் தெரிவிக்கப்படாது என்னும் எச்சரிக்கைப் பலகையைக் கடந்தே உள்ளே செல்கிறார்.

மீயொலியில் ஐயம் எஞ்சும்போது எம்.ஆர்.ஐ. துணைபுரிகிறது. வலிய காந்தப்புலத்தில் உடலின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் குறிகையைப் படமாக்கும் இம்முறை, நார்க்கட்டி கருப்பையின் உட்புறம் துருத்துகிறதா, சுவரில் புதைந்துள்ளதா என்பதைத் துல்லியமாகக் காட்டும். கருப்பைவாய்ப் புற்றில் இதன் பங்கு இன்னும் பெரிது: புற்று பக்கத் திசுக்களுக்குப் பரவியுள்ளதா என்பதை இது காட்டும்; பரவியிருந்தால் அறுவையை விடுத்துக் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்த சிகிச்சையே பொதுவாக அளிக்கப்படும். விரலாய்வையே முதன்மையாகக் கொண்டிருந்த பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின், இப்புற்று எவ்வளவு பரவியுள்ளது என வகுக்கும் நிலைப்பகுப்பு, 2018இல்தான் சி.டி., எம்.ஆர்.ஐ. போன்ற படச்சான்றையும் நிணநீர்க்கணுப் பரவலையும் கணக்கில் எடுத்தது.

விலைமிகுந்த சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகள் ஏழைகளுக்கு எட்டியதில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு முக்கிய இடமுண்டு. அது அரசு மருத்துவமனைகளில் சி.டி.க்கு 500 ரூபாயும் எம்.ஆர்.ஐ.க்கு 2500 ரூபாயும் கட்டணமாகக் கொண்டு மையங்களை நடத்தியது. திருவரங்கத்தில் வயிற்று ஸ்கேனோடு தொடங்கும் தேடல், எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கையில் பெரும்பாலும் காவிரிப் பாலத்தைக் கடந்து, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ தனியார் மையங்களுக்கோ செல்கிறது.

படத்தின் எல்லையும் அறியத்தக்கது. நார்க்கட்டியைப் போலவே தோன்றும் சார்கோமா என்னும் அரிய தசைப்புற்றைப் படத்தால் மட்டும் உறுதியாகப் பிரித்தறிய முடிவதில்லை; திசு ஆய்வே முடிவு சொல்லும். கருப்பைவாய்ப் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் எந்த ஸ்கேனிலும் தெரிவதில்லை. அதற்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை உண்டு. அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒருமுறை செய்த அச்சோதனையால் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததை 2007இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது.