யோகப் பயிற்சியும் மலையக இசையும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பாடுவோரும் வாத்தியம் வாசிப்போரும் ஆசனம், பிராணாயாமம், தியானம் ஆகியவற்றிலிருந்து பெறக்கூடிய பயன்களை இக்கட்டுரை விளக்குகிறது. நுவரெலியா, அட்டன், தலவாக்கலை வட்டாரங்களின் இசை பெரும்பாலும் திறந்த வெளியிலும் குளிரிலும் நடப்பது. பாடுவோர் பகலெல்லாம் மலையேறி வேலை செய்தவர்கள். ஆகவே நகரத்து மேடைப் பாடகருக்குச் சொல்லப்படும் யோக அறிவுரைகளில் சில இங்கே இன்னும் பொருத்தமாக அமைகின்றன. சிலவற்றைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது.

இடமும் குரலும்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அட்டன் ஏறத்தாழ 1270 மீட்டர். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு குறையே அல்ல. கொழும்பிலிருந்து கோயில் கச்சேரிக்கு ஏறி வரும் பாடகர்தான் படிக்கட்டு ஏறியவுடன் முதல் கீர்த்தனையில் மூச்சு வாங்குவார். உள்ளூர்க் குரலுக்கு உண்மையான சோதனை குளிர். பாட்டின் இடைவெளியில் அவசரமாக வாயால் இழுக்கும் குளிர்காற்று, சூடும் ஈரமும் ஏறாமலே தொண்டைக்குப் போய்ச் சேர்கிறது. குரல் நாண்கள் உலர்ந்து பிசிறடிக்கின்றன. மூக்கின் வழியே இழுத்தால் காற்று வெதுவெதுப்பாகி ஈரமேறிச் செல்லும். பிராணாயாமத்தின் பெரும்பாலான வகைகள் மூக்கால் மூச்சு விடுவதையே பழக்குகின்றன. மார்கழி விடியலில் லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) போகும் பஜனைக் கோஷ்டிக்கு இந்த ஒரு பழக்கமே பாதிப் பயன் தரும்.

மலையகத்தில் ஒலிபெருக்கி பரவுவதற்கு முன்னால் குரல்தான் எல்லாமாக இருந்தது. அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளரை அமைப்பாக்கிய கோ. நடேசய்யரின் கூட்டங்களில், அவர் பேசுவதற்கு முன் அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாடுவார். தெரிந்த மெட்டில் தொழிலாளரின் துயரத்தை ஏற்றிப் பாடி ஆளைக் கூட்டியவர் அவர். திறந்த மைதானத்தில், தொண்டையை நெரிக்காமல் கடைசி வரிசைவரை எட்டப் பாடுவது மூச்சுப் பலம் இல்லாமல் நடக்கிற காரியம் அல்ல.

பழைய நூல்களில்

மூச்சையும் இசையையும் சேர்த்துப் பார்ப்பது யோக ஆசிரியர்கள் நேற்றுக் கொண்டுவந்த கருத்தல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலிக்கு மூலமான காற்று உந்தியிலிருந்து எழுந்து தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெறுவதாகச் சொல்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் இசையின் பிறப்பை மூலாதாரத்திலிருந்து தொடங்குகிறார். அங்கே எழும் நாதம்தான் ஆளத்தியாக, அதாவது ஆலாபனையாக, விரிகிறது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் இராகங்களுக்குப் போகும் முன்பே மனித உடலை, அதன் சக்கரங்களை, நாடிகளை விவரிக்கிறது. பிராணனும் அக்கினியும் கூடி நாதம் பிறக்கிறது என்பதும், மந்திர ஸ்தாயி நெஞ்சிலும் மத்திய ஸ்தாயி கழுத்திலும் தார ஸ்தாயி தலையிலும் ஒலிக்கிறது என்பதும் அந்நூலின் கொள்கை. இக்கருத்தைத் தியாகராஜர் சாரமதி இராகத்து ‘மோக்ஷமு கலதா’ கீர்த்தனையில் எடுத்தாண்டார்.

சக்கரங்களை உடற்கூறாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் கீழ்ஸ்தாயியில் நெஞ்சு அதிர்வதையும் மேல்ஸ்தாயியில் ஒலி மண்டைக்குள் கணீரென்பதையும் பாடுகிற எவரும் கையை வைத்தே உணரலாம். அந்த நூலார் பாடகரின் உடலை உள்ளிருந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சுக்குக் கணக்கே தருகிறது: பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32. பாடகருக்கு இதில் பயன்படுவது முதலும் கடையும்தான். உள்ளே இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுவது நேரடியான குரற்பயிற்சி. 64 மாத்திரை அடக்குவது சித்தருக்குரியது. குரல்வளையை இறுக மூடி அழுத்தம் சேர்த்துப் பிறகு திறக்கும் பழக்கம் பாட்டுக்குள் வந்துவிட்டால், ஒவ்வொரு அடியும் முட்டிக்கொண்டு தொடங்கும். தோட்டத்துச் சங்கீத வகுப்புகளில் பிராணாயாமம் சொல்லித் தருபவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்த்துச் செய்வது நல்லது.

வெளிமூச்சு

சும்மா இருக்கும்போது மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்; உள்மூச்சும் வெளிமூச்சும் ஏறக்குறைய ஒத்த அளவில் இருக்கும். பாடும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது: ஒரு நொடியில் இழுத்து, பத்து நொடிக்கு மேல் செலவழிக்க வேண்டியிருக்கும். நுரையீரல் நிறைந்திருக்கும் தொடக்கத்தில் அது தானாகவே சுருங்கக் காற்று வேகமாக வெளியேறப் பார்க்கும். அப்போது உதரவிதானமும் விலாத் தசைகளும் விரிந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் பிடித்து நிற்க வேண்டும். காற்றுக் குறைந்த பிறகு வயிற்றுத் தசைகள் மெல்ல உள்ளே தள்ள வேண்டும். பிடிப்பிலிருந்து தள்ளலுக்கு மாறுவது வெளியே தெரியாமல் நடந்தால் ஸ்வரம் அசையாது. தெரிந்தால் வரியின் கடைசிச் சொல் தொங்கிப்போகும்.

உஜ்ஜாயி பிராணாயாமத்தில் குரல்வாய் சிறிது சுருங்கி, காற்று மெல்லிய இரைச்சலோடு போகிறது. காற்று வேகமாக வடிந்துவிடாமல் பிடிக்கும் பழக்கத்தை அது தருகிறது. பிராமரி இன்னும் நேரானது. கால்களை மடித்து, முதுகு நிமிர்ந்து, உதடுகளைச் சேர்த்து, பற்களை ஒட்டாமல் வைத்துக்கொண்டு, சுருதிப் பெட்டியின் ஆதார ஸட்ஜத்தில் ‘ம்’ என்று முரல வேண்டும். கை ஒன்றை விலாவின் பக்கத்தில் வைத்தால், முரலல் பாதி தாண்டும்வரை விலா உள்ளே விழாமல் நிற்கிறதா என்று தெரியும். அது விழுந்தால் சுருதியும் அரைக்கால் இறங்குவதைப் பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடுவார். முரலும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, அமைதியாக மூச்சு விடும்போது வருவதைவிட 15 மடங்கு கூடுவதை சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2002இல் கண்டார்கள். மூக்கின் பக்க அறைகளில் காற்று நன்றாகப் புழங்குவதன் அடையாளம் அது. பனிக்கால மூக்கடைப்போடு பாட உட்காருகிறவர்களுக்குப் பிராமரி இதமாக இருப்பதை இதை வைத்து விளங்கிக்கொள்ளலாம்.

காமன் கூத்தும் விரதமும்

மலையகக் கூத்துகளில் மூச்சையும் உடலையும் மிக அதிகமாகக் கேட்பது காமன் கூத்து. மாசி அமாவாசைக்குப் பின் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமன் எரிவதோடு கூத்து உச்சத்தை எட்டும். இடைப்பட்ட நாட்களில் மாலைதோறும் பாட்டு. கடைசி இரவில் ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போய் ஆடிப் பாடி வருவார்கள். விடியும்வரை தப்புப் பறை ஓயாது. மாசி மாதம் மலையில் மழை குறைந்த, வானம் தெளிந்த, கடுங்குளிர் இரவுகளின் காலம்.

இந்தக் கதையே ஒரு யோகியின் கதை. தவத்தில் மூழ்கியிருக்கும் சிவனைக் கலைக்க மன்மதன் அம்பு விடுகிறான்; நெற்றிக்கண் திறந்து அவன் சாம்பலாகிறான்; ரதி புலம்புகிறாள். அப்புலம்பல் மெட்டு ஒப்பாரியை ஒட்டி வரும். நீண்ட அடியை ஒரே மூச்சில் இறக்கி, முடிவில் விம்மலோடு மூச்சை வாங்குவது அதன் அழகு. அந்த விம்மலுக்கும் கட்டுப்பாடு வேண்டும். உண்மையாகவே அழுதால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அடுத்த அடி வராது.

ரதி, மன்மதன் வேடமேற்பவர்கள் அந்த நாட்களில் விரதம் காக்கிறார்கள். புலால், மது விலக்கு, நீராடல், தனிமை என்று போகும் அந்த ஒழுங்கை யாரும் யோகம் என்று அழைப்பதில்லை. பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் முதலிரண்டாகிய இயமமும் நியமமும் சொல்வது இதையொத்த புலனொழுக்கத்தையும் தூய்மையையும்தான். குரலைப் பொறுத்தவரை இதில் கண்கூடான நன்மை உண்டு: மது உடலின் நீரை வற்றவைத்துக் குரல் நாணை உலர்த்துவதும், இரவு நேரத்துக் கனமான உணவு உதரவிதானத்துக்குக் கீழே இடத்தை அடைத்துக்கொள்வதும் தவிர்கின்றன. கூத்து பழக்கும் மாஸ்டர்மார் விரதத்தில் கண்டிப்பாக இருப்பதற்குத் தெய்வக் குற்றம் காரணம் என்பார்கள். தொண்டை மருத்துவரும் அதே கண்டிப்பைத்தான் சொல்வார்.

ஒன்றில் மட்டும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். தப்பின் தோல் குளிரில் தொய்ந்துபோவதால் அடிக்கடி தீயில் காய்ச்சுகிறார்கள். குளிருக்காகப் பாடுவோரும் அதே தீயைச் சுற்றி நிற்பார்கள். ஈர விறகின் புகை, பிராணாயாமம் செய்து சேர்த்த நன்மையைக் கால் மணி நேரத்தில் கெடுத்துவிடும். பாடுவோர் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று, சூடான பிளேன்டீயோ கொதித்தாறிய நீரோ அருந்துவது மேல்.

கழுத்தும் தோளும்

பல தோட்டங்களில் ஒரு பேருக்கு (ஒரு நாள் கூலிக்கு) கேட்கப்படும் கொழுந்து 18 கிலோ அளவில் இருக்கிறது. கூடையின் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருக்க, சரிவில் முன்னே சாய்ந்து இரண்டு கையாலும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் தலையைப் பாரம் பின்னுக்கு இழுக்கிறது. அதை எதிர்த்துக் கழுத்தின் முன், பக்கத் தசைகள் நாள் முழுதும் இறுகி நிற்கின்றன. இறுகிய தசைகள் குரல்வளையை மேலே தூக்கிப் பிடிக்கும். மாலையில் கோயிலில் பாட உட்கார்ந்தால் மேல் பஞ்சமம் நெரிபடுவது இதனால்தான். குரல் போய்விட்டது என்று பலர் பாடுவதையே விட்டுவிடுகிறார்கள். போனது பெரும்பாலும் கழுத்தின் இளக்கம். கழுத்தை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்தல், தோள்களைச் சுழற்றல், மார்ஜாரியாசனம், பிறகு முழங்காலை மடித்துச் சவாசனத்தில் கிடந்து வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தல்: லயத்துக் காம்பராவின் குறுகிய இடத்திலும் இவற்றைச் செய்யலாம். உடல் ஏற்கெனவே களைத்திருக்கும் நேரத்தில் சூரிய நமஸ்காரத்தை அடுக்கிச் செய்யச் சொல்வது, வேலை அறியாதவர் சொல்லும் யோசனை.

தப்படிப்பவரின் சிக்கல் வேறு. தப்பு இடத் தோளில் தொங்குகிறது; வலக்கை கனத்த குச்சியை வீசுகிறது; இடக்கை மெல்லிய குச்சியைத் தப்பின் மேல்விளிம்பில் பிடித்திருக்கிறது. இரவு முழுதும் இப்படி நின்றாடினால் இரு தோள்களும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. தாடாசனத்தில் நின்று தோள்மட்டம் பார்ப்பதும், கோமுகாசனத்தில் இரு பக்கமும் கைகோத்து எந்தப் பக்கம் எட்டவில்லை என்று அறிவதும் நல்ல அளவுகோல்கள். ஹார்மோனியக்காரர் முன்னே கவிழ்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்குபவர் என்பதால், அவருக்குப் புஜங்காசனம்.

வாத்தியக்காரர் யோகத்துக்கு வந்த கதைகளில் பெயர்பெற்றது வயலின் மேதை யெஹூதி மெனுஹினுடையது. உடல் இறுக்கத்தாலும் தூக்கமின்மையாலும் அவதிப்பட்ட அவர் 1952இல் பம்பாயில் யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்தார். 1954இல் அவரை சுவிட்சர்லாந்துக்கு அழைத்தார். 1966இல் வெளிவந்த ஐயங்காரின் புகழ்பெற்ற யோக நூலுக்கு முன்னுரையும் எழுதினார். தம்முடைய சிறந்த வயலின் ஆசிரியர் என்று கடிகாரத்தில் பொறித்து ஐயங்காருக்குப் பரிசளித்தவர் அவர்.

ஜபமும் பதற்றமும்

நுவரெலியாவில் முருகேசு சுவாமிகள் நிறுவிய காயத்ரி பீடம் மந்திர ஜபத்தை மையமாகக் கொண்டது. காயத்ரி மந்திரம் 24 அசை. அதை ஒரே வெளிமூச்சில் நிதானமாகச் சொல்லப் பழகுபவர் தாம் அறியாமலே மூச்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இலத்தீன் ஜெபமாலையும் ஒரு யோக மந்திரமும் சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறங்கியது; இதயத் துடிப்பின் தாளமும் அதோடு ஒத்திசைந்தது. மேடையேறுமுன் படபடக்கும் மாணவருக்கு இதுதான் வேண்டியது. அமெரிக்காவின் டாங்கில்வுட் இசை மையத்தில் இளம் கலைஞரிடையே நடத்தி 2009இல் வெளியான ஆய்வு, யோகம் செய்தவர்களிடம் பொதுப் பதற்றம், மனச்சோர்வு, கோபம் குறைந்ததையும் மேடை அச்சம் குறையும் போக்கையும் காட்டியது. வாசிப்பால் வரும் தசை வலியில் மாற்றம் தெரியவில்லை. ஆசனம் செய்தால் எல்லா வலியும் தீரும் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்வதில்லை.

மலைநாட்டுக்கும் உலக மேடைக்கும் எதிர்பாராத ஒரு தொடர்பும் உண்டு. கோவை செட்டிப்பாளையத்தில் பிறந்த சச்சிதானந்தரை, அவருடைய குரு சிவானந்தர் 1953இல் இலங்கைக்கு அனுப்பினார். திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் அவர் யோகம் கற்பித்தார். 1966இல் நியூயோர்க் சென்ற அவர், 1969 ஆகஸ்ட் 15 அன்று வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில், இலட்சக்கணக்கான ராக் ரசிகர்கள் முன் ஒலியின் ஆற்றலைப் பற்றிப் பேசினார்.

தவிர்க்க வேண்டியவை

நாதஸ்வரம் போன்ற ஊதுவாத்தியங்களை உயர்ந்த அழுத்தத்தில் ஊதும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறும். சிரசாசனத்தில் அது இரண்டு மடங்காவதைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் பதிவு செய்தார்கள். கண்நீர் அழுத்த நோய் உள்ள நாதஸ்வரக்காரர் தலைகீழ் ஆசனங்களையும் நீண்ட கும்பகத்தையும் விட்டுவிட வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். கபாலபாதியைப் பாடுவதற்குச் சற்று முன் செய்தால் தொண்டை உலரும். காலையில் செய்துவிட்டு மாலையில் பாடலாம். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் எந்த முத்திரையும் வேண்டாம்; நுவரெலியா மாவட்ட வைத்தியசாலைக்கோ கண்டிக்கோ போய்த் தொண்டை மருத்துவரிடம் குரல் நாணைக் காட்ட வேண்டும்.