யாப்பகூவாவின் படிகள்

கொழும்பு நூதனசாலையிலுள்ள கற்பலகணி ஒன்றை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை நேயர்கள் பலர் கண்டிருத்தல் கூடும். ஒரே கல்லிற் குடைந்தெடுத்த அப்பலகணி முன்னர் இருந்த இடம் யாப்பகூவா.

மாகோப் புகையிரத நிலையத்திற்கு அணித்தாக, ஏறத்தாழ 300 அடி உயர்ந்து நிற்கும் குன்று அது. 13ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு அதனைத் தலைநகராக்கிப் புத்தபிரானின் புனித தந்தத்தையும் அங்கே வைத்தான். 1283இல் எகிப்து சுல்தானிடம் தூதும் விடுத்தான். இன்று எஞ்சியிருப்பவற்றுள் சிறந்தவை செங்குத்தான படிகளும் சிங்கங்களும் ஆடல் மகளிர் சிற்பங்களுமாம். அவற்றிலே தென்னிந்தியக் கலைமரபின் சாயல் தெளிவாகத் தெரிகின்றது.

அக்கலை வந்த திசையிலிருந்தே படையும் வந்தது. மன்னன் மறைந்தபின் நாட்டிலே பஞ்சம் பரவிய வேளையில், பாண்டியர் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி கோட்டையைக் கைப்பற்றித் தந்தத்தைக் குலசேகர பாண்டியனிடம் சேர்ப்பித்தான். பின்னர் அரசெய்திய மூன்றாம் பராக்கிரமபாகு வாளை நாடவில்லை. வீரர் சிலருடன் தானே பாண்டியனிடம் சென்று, நாள்தோறும் உரையாடித் தந்தத்தைப் பெற்று மீண்டான். அதனைப் பொலனறுவையில் வைத்தான். இவ்வாறு கூறுவது சூளவம்சம்.

படையால் இழந்ததைப் பேச்சு மீட்டது. யாப்பகூவாவின் படிகளில் ஏறுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.