பள்ளிக் கட்டடமும் ஊராரும்

ஓர் ஊரின் பழைய கட்டடங்கள் எவை என்று கேட்டால், முதலில் கோயிலைக் காட்டுவர். அடுத்து, பெரும்பாலும், அவ்வூர் உயர்நிலைப் பள்ளியைக் காட்டுவர். கோயிலுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தவேண்டும் என்பது நம் நாட்டு மரபு. விரிசல் விழுந்த தூணும் ஒழுகும் மேல்தளமும் அதனால் உரிய காலத்தில் ஊரார் பார்வைக்கு வந்துவிடுகின்றன. பள்ளிக்கு அத்தகைய மரபு ஒன்றும் ஏற்படவில்லை. திறப்பு விழா நடந்த நாளில் கட்டடத்தைக் கண்டு மகிழ்ந்த ஊரார், அதன்பின் அதனை அரசாங்கத்தின் உடைமையாகக் கருதி விலகிக்கொள்கின்றனர். கட்டடமோ யாருடைய விலக்கத்தையும் பொருட்படுத்தாமல் ஆண்டுதோறும் முதுமையடைகின்றது.

பழைய பள்ளியைப் புதுக்கும் பணியில் பொதுமக்களுக்கு உள்ள பங்கு யாது? இவ்வினாவுக்கு நம் நாடு காலந்தோறும் வெவ்வேறு விடை கூறியிருக்கின்றது. அவ்விடைகளின் வரலாறு பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்குத் தனிப்பட்ட முறையிலும் பயன்தரத்தக்கது.

சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில், நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 மாணவர் பயின்றனர். அப்பள்ளிகளுள் பலவற்றுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணையோ, சாவடியோ, மர நிழலோ போதுமானதாயிருந்தது. கூரை ஒழுகினால் ஓலை வேயவேண்டியவர் யார் என்பதில் ஐயம் எழவில்லை. பள்ளி ஊராருடையது, பழுதும் ஊராருடையது. ஆயினும் அந்த ஊரார் என்ற சொல்லுக்குள் எல்லாச் சாதியாரும் அடங்கவில்லை என்பதையும், பெண்மக்கள் மிகச் சிலரே அத்திண்ணைகளில் ஏறினர் என்பதையும் மறத்தலாகாது.

1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு உதவி மானிய முறை வேரூன்றியது. உள்ளூரார் ஒரு பங்கு திரட்ட, அரசாங்கம் ஒரு பங்கு அளிக்க, பல ஊர்களில் உயர்நிலைப் பள்ளிகள் எழுந்தன. செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்தரமும் கொண்டு கட்டப்பெற்ற அவை உறுதியானவை. ஆனால் அரசாங்கப் பள்ளிகளில் பழுதுபார்க்கும் பொறுப்பு மெல்ல மெல்ல மராமத்து இலாகாவின் கோப்புகளுக்குள் சென்று சேர்ந்தது. தலைமையாசிரியர் எழுதுவார்; மேலதிகாரி பரிந்துரைப்பார்; பொறியாளர் மதிப்பீடு செய்வார்; பணம் ஒதுக்கப்பெறுவதற்குள் இரண்டு மழைக்காலங்கள் கழிந்துவிடும். ஊரார் இம்முறையில் எங்கும் இடம்பெறவில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது 1958-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் தோன்றிய பள்ளிச் சீரமைப்பு இயக்கம். காமராசர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடியது. அதன்பின் மாவட்டந்தோறும் மாநாடுகள் நிகழ்ந்தன. ஒரு பள்ளிக்கு இன்றியமையாதவை எவை என்று ஆசிரியரும் ஊராரும் கூடிக் கணக்கிட்டனர். கூரை, சுவர், கிணறு, பலகை, மணி, கடிகாரம் என்று பட்டியல் நீண்டது. ஒருவர் செங்கல் தந்தார். ஒருவர் மரம் தந்தார். கொடுக்கப் பணமில்லாதவர் உடலுழைப்பைத் தந்தார்.

இவ்வியக்கத்தின் பெருமையைத் திரண்ட பொருளின் அளவைக்கொண்டு மட்டும் கணிப்பது முறையன்று. பள்ளியின் குறைகளைப் பட்டியலிடும் அதிகாரம் முதன்முறையாகப் பள்ளியின் வாயிலுக்கே வந்தது என்பதே அதன் உண்மைச் சிறப்பு. அதே வேளையில் ஒரு குறையும் அதனுடன் பிறந்தது. கொடுக்க வல்லார் உள்ள ஊரின் பள்ளி விரைவில் எழில் பெற்றது. வறியோர் வாழும் ஊரின் பள்ளி காத்துக் கிடந்தது. கொடையை அடிப்படையாகக் கொண்ட எந்தத் திட்டத்துக்கும் இவ்வேற்றத்தாழ்வு இயல்பே.

இங்கே ஒரு வினா எழலாம். கட்டடம் பற்றிய அறிவு பொறியாளருடையது. அதில் ஊரார் சொல்லுக்கு என்ன வேலை? விடை எளிது. பழைய கட்டடத்தைக் கெடுக்கும் முதற் பகைவன் நீர். மேல்தளத்தில் நீர்வடியும் தூம்பு அடைபட்டால் நீர் தேங்கும். சுவரிடுக்கில் அரசங்கன்று முளைத்தால் அதன் வேர் செங்கற்களைப் பிளக்கும். கான்கிரீட் தளத்தினுள் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துத் தன்னை மூடிய காரையை வெளியே தள்ளும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசினால், சுவரினுள் உள்ள ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே அரிக்கும். இவற்றின் காரணத்தை விளக்கிச் சீர்செய்யும் வழியைக் கூறவேண்டியவர் பொறியாளரே. ஆனால் எந்த மூலையில் முதலில் நீர் சொட்டுகின்றது, எந்தச் சன்னல் மூடுவதில்லை, எந்தப் படியில் சிறுவர் வழுக்கி விழுகின்றனர் என்பதைக் கோடைக்காலத்தில் ஒருநாள் வந்து செல்பவர் அறிய முடியாது. அதை அறிந்தவர் மாணவர், ஆசிரியர், பள்ளியைப் பெருக்கும் பணியாளர் ஆகியோரே. மாணவியர் பயன்படுத்தும் கழிப்பிடத்தின் கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் இல்லை என்பதை எந்த வரைபடமும் காட்டாது.

கேட்கவேண்டியவரைக் கேளாமையால் விளையும் தீங்கு உயிரிழப்பாகவும் முடியலாம். 2025-ஆம் ஆண்டு சூலை 25-ஆம் நாள், இராசத்தான் மாநிலம் சாலாவார் மாவட்டத்துப் பிப்லோதி என்னும் ஊரில் அரசுப் பள்ளிக் கட்டடம் ஒன்று காலையில் இடிந்து விழுந்தது. 7 குழந்தைகள் மாண்டனர். கூரையிலிருந்து சிறு கற்கள் உதிர்வதை மாணவர் முன்னரே எடுத்துக் கூறினர் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. கட்டடம் பேசியது, குழந்தைகள் கேட்டனர், குழந்தைகள் பேசியதைக் கேட்பார் இல்லை.

அண்மைக் காலத்தில் நம் அண்டை மாநிலங்கள் இரண்டு இத்துறையில் செய்தவை கருதத்தக்கவை. கோழிக்கோட்டில் நடக்காவு என்னும் பகுதியில் உள்ள அரசுப் பெண்கள் பள்ளி 1893-இல் தோன்றியது. அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் முன்னின்று வகுத்த ஒரு திட்டத்தின்கீழ், அரசாங்க நிதியோடு ஓர் அறக்கட்டளையின் பெருங்கொடையும் சேர, 2013-ஆம் ஆண்டில் அப்பள்ளி புத்துருப் பெற்றது. வகுப்பறைகளோடு ஆய்வுக்கூடம், சமையற்கூடம், விளையாட்டுத் திடல் ஆகியனவும் அமைந்தன. ஓர் அரசுப் பள்ளி இவ்வாறும் இருத்தல் கூடும் என்பதற்கு நடக்காவு சான்றாயிற்று.

ஆனால் பெருங்கொடையாளர் எல்லாப் பள்ளிக்கும் கிடைப்பரோ? 2017-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள் கேரளம் முழுவதும் பெற்றோரும் முன்னாள் மாணவரும் தத்தம் பள்ளியைச் சூழ நின்று அதனைக் காப்போம் என்று உறுதி பூண்டனர். பொதுக்கல்விப் பாதுகாப்பு வேள்வி என்று பொருள்படும் பெயருடன் அவ்வியக்கம் தொடங்கிற்று. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு பள்ளி எனத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 5 கோடி ரூபாய் ஒதுக்க அரசாங்கம் திட்டமிட்டது. கொடையை எதிர்பாராமல் பொதுநிதியே முன்வந்தது இங்கே நாம் காணும் வளர்ச்சி.

ஆந்திர மாநிலம் மற்றொரு படி ஏறியது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் ஓங்கோலில், ‘நம் பள்ளி: அன்றும் இன்றும்’ என்று பொருள்படும் தெலுங்குப் பெயருடன் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. முதற்கட்டத்தில் 15,715 பள்ளிகள் சேர்க்கப்பட்டன. நீர்வசதியுள்ள கழிப்பிடம், குடிநீர், பழுதுபார்த்தல், மின்விளக்கும் விசிறியும், மேசை நாற்காலி, கரும்பலகை, வண்ணப்பூச்சு, சுற்றுச்சுவர் முதலியன பணிகளாக வகுக்கப்பட்டன. பள்ளியில் நடைபெறும் பணிகளை நிறைவேற்றும் பொறுப்பு ஒப்பந்தக்காரரிடமன்றிப் பெற்றோர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பணிக்கு முன்னும் பின்னும் ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டன. திட்டத்தின் நிறைகுறைகளைப் பற்றி அம்மாநிலத்தில் வாதங்கள் எழுந்ததுண்டு. எனினும் தம் பிள்ளை அமரும் அறைக்கு வந்திறங்கும் சிமெண்டு மூட்டையைத் தாயொருத்தி எண்ணிப் பார்க்கலாம் என்னும் நெறி போற்றத்தக்கதே.

இவ்வனைத்துக்கும் அடிப்படையாகச் சட்டமே ஒன்று உள்ளது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்துகின்றது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். 22-ஆம் பிரிவு, அக்குழு பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுக்கவேண்டும் என்கின்றது. எல்லாப் பருவநிலையையும் தாங்கும் கட்டடம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம், குடிநீர், தடையின்றி நுழையும் வழி ஆகியன சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. இச்சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்குமே உரியது. உயர்நிலைப் பள்ளிகளுக்கு இதனையொத்த குழுக்களை அதே 2009-இல் தொடங்கிய நடுவணரசின் இடைநிலைக் கல்வித் திட்டம் கொணர்ந்தது.

1958-இல் ஊரார் சொல்லுக்குக் கொடையே வழி திறந்தது. 2009-க்குப் பின் அச்சொல் உரிமையாயிற்று. நாம் கண்ட வரலாற்றின் சாரம் இதுவே. பணம் தருவது அரசாங்கத்தின் கடமை. எங்கே, எதை, எதற்கு முன் எதைச் செய்வது என்று கூறுவது மக்களின் கடமை. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் பள்ளிகளைப் பேணும் பணிக்குப் புதியவரல்லர். தில்லிக்கும் சிம்லாவுக்குமாக இடம்பெயர்ந்த அரசாங்க ஊழியரின் பிள்ளைகளுக்கென 1923-இல் தொடங்கிய முயற்சியே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளாக விளங்குகின்றது. மும்பை மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றிற்று. அவை தமக்கெனத் தாமே அமைத்துக்கொண்டவை. ஆனால் மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களிலும், மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிலும், அவ்வம்மாநில மொழியில் கற்பிக்கும் எண்ணற்ற அரசுப் பள்ளிகளிலும் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அப்பள்ளிகளின் குழுக்கூட்டத்துக்கு, மொழி தெரியாது என்றும், வேற்றூர் என்றும், அன்றாடக் கூலி போய்விடும் என்றும் கருதிச் செல்லாதிருக்கும் பெற்றோரும் உண்டு.

சட்டம் பெற்றோரின் மொழியைக் கேட்கவில்லை. பிள்ளை அங்கே பயில்கின்றதா என்பதையே கேட்கின்றது. ஆகவே கூட்டத்துக்குச் செல்லுங்கள். மொழி தடையானால் அம்மொழி அறிந்த உங்கள் பிள்ளையையே உடன் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த மழைக்கு முன் மேல்தளத்தின் தூம்பைத் திறந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். வளர்ச்சித் திட்டத்தில் எந்தப் பணி முதலாவதாக எழுதப்பட்டுள்ளது என்று கேளுங்கள். விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள். பிழைப்புக்கென வந்த ஊரும், பிள்ளை படிக்கும் பள்ளியைப் பொறுத்தவரை, நம் ஊரேயாகும்.