கொள்கைவழிப் பாதைத் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

பள்ளத்தை நாடி ஓடுவது நீரின் இயல்பு. எனினும், 1949 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தால் நீர்பெறும் சம்மாந்துறை, கல்முனைப் பகுதி வயல்களில் எந்த மடையை எப்போது திறப்பது என்பதைப் பள்ளம் தீர்மானிப்பதில்லை. விதைப்புக்கு முன் கூடும் விவசாயிகளின் முடிவும் வட்டவிதானையின் மேற்பார்வையுமே அதனைத் தீர்மானித்து வந்துள்ளன. கணினி வலையமைப்புகளின் வரலாற்றிலும் இத்தகைய திருப்பம் ஒன்று நிகழ்ந்தமை நோக்கற்பாலது.

1960களில் அமெரிக்காவில் போல் பாரனும் பிரித்தானியாவில் டொனால்ட் டேவிசும் செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் முறையைத் தனித்தனியே வகுத்தனர். 1969 இல் ஆர்ப்பாநெற் அம்முறையில் இயங்கத் தொடங்கியது. அதன்வழி வளர்ந்த இணையத்தில் வழிச்செலுத்தி ஒவ்வொரு பொதியிடமும் சேருமிடத்தை மட்டுமே வினவியது. அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார் என்பன கேட்கப்படவில்லை. ஆய்வாளர் சிலரே பயன்படுத்திய காலத்தில் அது போதுமானதாயிருந்தது.

1980களில் நிலைமை மாறிற்று. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் பொதுப்பணத்தில் நடத்திய முதுகெலும்பு வலையமைப்பு கல்விக்கும் ஆய்வுக்குமே உரியதாயிருந்தது. வணிகப் போக்குவரத்துக்கு அதில் இடமிருக்கவில்லை. எனவே, யாருடைய பொதி எவ்வழியே செல்லலாம் என்னும் வினா எழுந்தது. 1989 இல் டேவிட் கிளாக்கும் ஹான்ஸ்-வேர்னர் பிறவுணும் இவ்வினாவை ஆராய்ந்து தனித்தனி ஆவணங்களை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே கேர்க் லோஹீட், யாக்கொவ் ரெக்டர் ஆகியோர் எல்லை நுழைவாயில் நெறிமுறையை வகுத்தனர். அது வலையமைப்புகளுக்கிடையே கொள்கைக்கு இடமளித்தது. ஆயினும், பொதியை முன்செலுத்துகையில் சேருமிடமே நோக்கப்பட்டது.

இக்குறையை நிரப்பியதே 1990களில் வழிச்செலுத்திகளிலும் பின்னர் ஆளிகளிலும் இடம்பெற்ற கொள்கைவழி முறையாகும். இதனை அமைப்போர் முதலில் எப்பொதிகள் கவனிக்கப்பட வேண்டியவை என்பதை அனுப்புநர் முகவரி முதலியவற்றைக் கொண்டு பட்டியலிடுவர். அடுத்து, பட்டியலில் அடங்கியவற்றுக்குரிய அடுத்த தரிப்பிடத்தைக் குறிப்பர். இறுதியில், பொதிகள் உள்நுழையும் இடைமுகத்தில் அவ்விதியைப் பொருத்துவர். விதியில் அடங்காதவை வழமையான பாதை அட்டவணையின்படியே செல்லும். ஆயினும், இம்முறைக்கு வரம்புகள் உண்டு. அடுத்த தரிப்பிடம் செயலிழந்ததை வழிச்செலுத்தி அறியாதிருப்பின் பொதிகள் வீணே மறையும்; ஆதலால் அதனைக் கண்காணிக்கும் ஏற்பாடும் வேண்டும். மேலும், மறுமொழி திரும்பிவரும் பாதையை மறுமுனையில் உள்ளோரே தீர்மானிப்பர்.

இலங்கையில் வணிக இணையச்சேவை 1995 இல் தொடங்கிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996 இல் முழுமையான பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் கடலுக்கு அண்மையில் அமைந்துள்ளது. எனினும், நாட்டை உலகுடன் இணைக்கும் கடலடிக் கம்பிகள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என மேற்கிலும் தெற்கிலுமே கரையேறின. 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கம்பியைத் துண்டித்தபோது நாட்டின் இணையத் தொடர்பு பெரும்பாலும் அற்றுப்போயிற்று. மாற்றுப்பாதை இல்லாதவிடத்து எத்துணைச் சிறந்த விதியும் பயனற்றது என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று. பின்னர் 2005 இலும் 2006 இலும் புதிய கம்பிகள் வந்தமையால் தெரிவுக்கு இடமுண்டாயிற்று.

இணைப்பு ஒடுங்கியதாயின், நூலகத்தில் ஆய்வேடு தேடும் மாணவனின் பொதியும் பொழுதுபோக்குக் காணொளியின் பொதியும் அதிலேயே நெருக்குண்ணும். எது முதலிற் செல்ல வேண்டும், எது மலிவான வழியிற் செல்லலாம் என்பதை ஒருவர் எங்கோ தீர்மானித்தே ஆகவேண்டும். வாய்க்கால் நீரின் முறை வயற்காரர் முன்னிலையிற் பேசி முடிவாகின்றது. வலையமைப்பின் விதியோ பெரும்பாலும் பயனாளர் அறியாத சில வரிகளில் எழுதப்படுகின்றது. அவ்விதியால் பயன்பெறுவோர் யாவர், பின்தள்ளப்படுவோர் யாவர் என வினவும் உரிமை பொறியியலாளர்க்கு மட்டும் உரியதன்று. கலைத்துறை மாணவர்க்கும் உரியதேயாம்.