புதுவரவும் பழங்கூடும்: கோழி நோய் நிர்ணய வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வீட்டுமுற்றத்திற் கோழி வளர்ப்போர் எந்நாட்டினராயினும் அவர்கள் அனைவருக்கும் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. சந்தையிலோ அயலவரிடத்திலோ வாங்கிய இரண்டு மூன்று கோழிகள் பழைய கூட்டத்துடன் சேர்த்துவிடப்படுகின்றன. சில நாட்கள் கழிகின்றன. பழைய கோழிகளில் ஒன்று தீன் தின்னாது ஒதுங்கி நிற்கின்றது, மற்றொன்று தும்முகின்றது, மூன்றாவது காலையிற் கூட்டுக்குள் இறந்து கிடக்கின்றது. வந்த கோழியோ யாதொரு குறையுமின்றி மேய்கின்றது. நோய் யாது, எங்கிருந்து வந்தது, எஞ்சியவற்றைக் காப்பது எங்ஙனம் என்னும் மூன்று வினாக்களும் ஒருங்கே எழுகின்றன.

சிறியதெனத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு மருத்துவ அறிவியல் ஏறத்தாழ நூறாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் போது நோய் பற்றிய சிந்தனையே மாற்றமுற்றது. நோயுற்ற உயிரை நோக்குவதில் மட்டும் நிலைத்திருந்த பார்வை, நோயின்றித் தோன்றும் உயிரையும் நோக்கத் தொடங்கியது. இம்மாற்றம் நிகழ்ந்தவாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரே நோயாக இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாடுகளிற் கோழி வளர்ப்பு ஒரு மோகமாகப் பரவியது. சீனத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பேருருவக் கோழிகள் 1840 களில் இங்கிலாந்தில் வியப்பைத் தோற்றுவித்தன. 1849 இல் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நடைபெற்ற கோழிக் கண்காட்சியைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இம்மோகத்தை எள்ளி நகையாடி ஜோர்ஜ் பேண்ஹாம் என்பார் 1855 இல் 'கோழிக் காய்ச்சலின் வரலாறு' என்னும் பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். மனிதரைப் பிடித்த காய்ச்சலையே அவர் அவ்வாறு குறிப்பிட்டார். எனினும், தொலைதூரப் பறவைகள் ஊரூராகக் கைமாறியபோது கோழிகளின் காய்ச்சல்களும் உடன் சென்றன என்பதில் ஐயமில்லை.

அக்காலத்தில் இந்நோய்களுக்கு வழங்கிய பெயர்களுள் 'றூப்' என்பது முதன்மையானது. முகம் வீங்கி, மூக்கிலிருந்து நீர் வடிந்து, கண் மூடிய எந்தக் கோழியும் றூப் நோய் கொண்டதாகவே கருதப்பட்டது. இன்றைய அறிவு கொண்டு நோக்கின், மூக்குச்சளி நோய், தொண்டையிற் படலம் தோற்றும் அம்மை, உயிர்ச்சத்து ஏ குறைபாடு ஆகிய மூன்றும் இவ்வொரு பெயருள் அடங்கியிருந்தமை புலனாகும். இவற்றுள் முதலாவது பற்றீரியாவினாலும் இரண்டாவது வைரசினாலும் உண்டாவன. மூன்றாவதோ தொற்றே அன்று. புதிய கோழியாற் பரவக்கூடியதும் தீனிக் குறையால் நேர்வதும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டவரை, புதிய கோழியைக் குற்றஞ்சாட்டுவதற்கோ விடுவிப்பதற்கோ வழி இருக்கவில்லை.

கிருமியின் வருகை

இக்குழப்பத்தினின்று மீள்வதற்கான முதல் வழியைக் காட்டியது கோழி வாந்திபேதி எனப்பட்ட நோயாகும். 1878 இல் இத்தாலியரான பெரோன்சித்தோ இந்நோய்க்குரிய நுண்ணுயிரை நுணுக்குக்காட்டியிற் கண்டார். 1879 இல் பிரான்சு நாட்டு மிருக வைத்தியரான தூசெய்ன் அதனை ஆராய்ந்து, நோயுற்றிறந்த சேவலொன்றின் தலையை லூயி பாஸ்ரருக்கு அனுப்பிவைத்தார். அதிலிருந்து நுண்ணுயிரை வளர்த்தெடுத்த பாஸ்ரர், நாட்பட்ட வளர்ப்புக்கள் வீரியம் குன்றிக் கோழிகளைக் காக்கவல்லனவாதலை 1880 இல் வெளிப்படுத்தினார். ஆய்வுகூடத்தில் வலுக்குன்றச் செய்த நுண்ணுயிரைக் கொண்டமைந்த முதல் தடுப்புமருந்து இதுவே.

தடுப்புமருந்தின் புகழில் மறைந்துபோன மற்றோர் அவதானிப்பு எமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கினிப்பன்றிகளுக்கு இந்நுண்ணுயிரை ஊசிமூலம் ஏற்றியபோது அவற்றின் தோலின்கீழ் ஒரு கட்டி மட்டுமே தோன்றியது. அவை உண்டும் உலாவியும் நலமாகவே இருந்தன. ஆயினும் அக்கட்டியின் சீழ் கோழியைக் கொல்லும் நஞ்சாகவே நிலைத்திருந்தது. இத்தகைய கினிப்பன்றிகளோடு வாழும் கோழிகளும் முயல்களும் திடீரென மடியக்கூடும் என்றும், உண்மை அறியாதவர் அச்சாவுகள் காரணமின்றித் தாமே தோன்றின என எண்ணுவர் என்றும் பாஸ்ரர் சுட்டிக்காட்டினார். நலமாகத் தோன்றும் உயிர் நோயைக் காவிச் செல்லலாம் என்னும் கருத்தின் வித்து இதிலே உண்டு.

அதே 1880 இல் றிவோல்ற்றா, டெல்பிறாற்றோ ஆகிய இத்தாலியர் இருவரும், வடஇத்தாலியிற் கோழிகளை அழித்த பிறிதொரு கொள்ளைநோயை வாந்திபேதியினின்றும் வேறுபடுத்தினர். கோழிக் கொள்ளைநோய் எனப்பட்ட இதன் காரணி, பற்றீரியாக்களைத் தடுக்கும் வடிகளையும் ஊடுருவுவது என 1901 இல் அறியப்பட்டது. அது இன்புளுவென்சா ஏ வகை வைரசே என்பதை 1955 இல் ஜேர்மனியரான ஷேபர் நிறுவினார்.

நலமான கோழி குற்றவாளியாதல்

காவி பற்றிய கருத்து முழு உருப்பெற்றது வெண்கழிச்சல் என வழங்கிய குஞ்சு நோயின் ஆய்விலேயாகும். பொரித்துச் சில நாட்களே ஆன குஞ்சுகள் குளிரால் நடுங்குவனபோற் குவிந்து நின்று, வெண்ணிற எச்சம் பின்புறத்தில் ஒட்ட, கூட்டங் கூட்டமாக இறந்தன. ஐக்கிய அமெரிக்காவின் றெற்கர் 1900 இல் இதற்குரிய பற்றீரியாவை விபரித்தார். 1909 அளவில் அவரும் ஸ்ரோன்பேண் என்பாரும் நோயின் ஊற்றைக் கண்டறிந்தனர். தாய்க்கோழியின் சூலகத்திற் பற்றீரியா குடிகொண்டு, முட்டைவழி குஞ்சைச் சென்றடைந்தது. தாயோ நோயின் சாயலே இன்றி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

இதே காலப்பகுதியில் மனித மருத்துவத்திலும் இணையான நிகழ்ச்சியொன்று இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. நியூயோர்க்கிற் சமையற்காரியாக இருந்த மேரி மாலன், தாம் நலமாயிருந்துகொண்டே நெருப்புக்காய்ச்சலைப் பரப்பியமை 1907 இல் வெளியாயிற்று. அவரிடத்திருந்த நுண்ணுயிரும் கோழிச் சூலகத்து நுண்ணுயிரும் ஒரே சல்மனெல்லா இனத்தைச் சார்ந்தவை.

காவியைக் கண்ணாற் காண இயலாதாயின் அதனை எவ்வாறு இனங்காண்பது? 1913 இல் எவ். எஸ். ஜோன்ஸ் ஒருங்கொட்டற் சோதனையை இதற்குப் பயன்படுத்தினார். பற்றீரியா குடிகொண்ட கோழியின் குருதியிற் பிறபொருளெதிரிகள் உண்டு. அவை நுண்ணுயிர்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்யும். 1931 இல் இச்சோதனை மேலும் எளிமையாக்கப்பட்டது. நிறமூட்டிய நுண்ணுயிர்த் திரவத்தின் ஒரு துளியையும் கோழிக் குருதியின் ஒரு துளியையும் கண்ணாடித் தட்டிற் கலந்தால், ஓரிரு நிமிடங்களில் திரட்சி தோன்றுவதைக் கோழிக்கூட்டின் அருகில் நின்றே காணலாம். 1935 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கிய தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் இச்சோதனையை அடித்தளமாகக் கொண்டது. கோழி வாங்குபவர் 'இது நோயுற்றதா?' எனக் கேட்பதோடு நில்லாது, 'இது சோதிக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்ததா?' எனவும் கேட்கும் நிலை உருவாயிற்று.

காலமும் ஒரு சான்று

1920 களிலும் 1930 களிலும் சுவாச நோய்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தறியப்பட்டன. 1925 இல் தொற்றுக் குரல்வளை நோயும் 1931 இல் தொற்று மூச்சுக்கிளை நோயும் விபரிக்கப்பட்டன. மூக்குச்சளி நோய்க்குரிய பற்றீரியாவும் 1930 களின் தொடக்கத்திலேயே வளர்த்தெடுக்கப்பட்டது. றொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த நெல்சன் 1930 களின் நடுப்பகுதியில் இரு வேறு சளி நோய்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று விரைவில் தோன்றி விரைவில் நீங்குவது; மற்றையது மெல்லத் தோன்றி நெடிது நீடிப்பது. பின்னதன் காரணி மைக்கோபிளாசுமா எனப் பிற்காலத்திற் பெயர்பெற்றது.

நெல்சன் கைக்கொண்ட அளவுகோல் காலமே என்பது ஈண்டு நோக்கற்பாலது. நோயரும்பு காலம் மூச்சுக்கிளை நோய்க்கு ஏறத்தாழ 18 முதல் 36 மணித்தியாலம். மூக்குச்சளிக்கு 1 முதல் 3 நாள். குரல்வளை நோய்க்கு 6 முதல் 12 நாள். மைக்கோபிளாசுமாவுக்கு 6 முதல் 21 நாள். எனவே புதிய கோழி வந்த நாளும் முதலாவது தும்மல் கேட்ட நாளும் நோய் நிர்ணயத்திற் சான்றுகளாகின்றன. அவை தனித்து முடிவு கூறுவன அல்ல. ஆயினும் எவ்வெவற்றை ஐயுற வேண்டும் என்பதை வரையறுத்துத் தருகின்றன. குரல்வளை நோயிலும் மூக்குச்சளியிலும் குணமடைந்த கோழியே காவியாக எஞ்சுகின்றது. 'வந்து தப்பிய கோழி' எனப் பாராட்டி விற்கப்படும் கோழியே ஆபத்தானதாகலாம் என்னும் முரண் இங்கு வெளிப்படுகின்றது.

இராணிக்கெட்டும் பெயர்க் குழப்பமும்

1926 இல் யாவாவிலும், அதே ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுகப் பகுதியிலும் கடுங்கொள்ளைநோயொன்று தோன்றியது. முன்னதைக் கிரானவெல்ட்டும் பின்னதை டொயிலும் விபரித்தனர். இந்நோயினின்று பிழைத்த கோழிகள் பழைய கோழிக் கொள்ளைநோய்க்கு எதிராகக் காப்புப் பெறவில்லை என்பதை டொயில் காட்டினார். ஆகவே இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது தெளிவாயிற்று. இந்தியாவில் குமாவுன் மலைப்பகுதி ஊரான இராணிக்கெட்டில் தோன்றிய நோயை எட்வேட்ஸ் 1928 இல் விபரித்தார். அவ்வூரின் பெயரே தென்னாசியாவில் நோயின் பெயராக நிலைத்தது. 1930 ஆம் ஆண்டளவில் இலங்கையும் இந்நோய் அறியப்பட்ட நாடுகளின் வரிசையிற் சேர்ந்தது.

தமிழில் இந்நோய்க்கு 'வெள்ளைக் கழிச்சல்' என்னும் பெயரும் வழங்குகின்றது. றெற்கர் ஆராய்ந்த குஞ்சு நோய்க்கும் ஆங்கிலத்தில் வெண்கழிச்சல் என்னும் பொருளுடைய பெயரே முன்னர் வழங்கியது. ஒன்று வைரசு நோய். எல்லா வயதுக் கோழிகளையும் தாக்குவது. கழுத்து முறுகுதல், கால் சிறகுகள் செயலிழத்தல் ஆகிய குறிகளையும் உடையது. மற்றையது பற்றீரியா நோய். மூன்று வாரத்துக்குட்பட்ட குஞ்சுகளையே பெரிதும் கொல்வது. எச்சத்தின் நிறத்தைக் கொண்டு பெயரிடும் வழக்கம் எத்துணை தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆய்வுகூட நிர்ணயத்திற்கு வழிவகுத்தவர்களுள் பேணற் முதன்மையானவர். அவரும் பெரியும் 1934 இல் கோழி முட்டை முளையத்தில் வைரசை வளர்த்து, கொள்ளைநோயையும் நியூகாசில் நோயையும் வேறுபடுத்தினர். இவ்வைரசு செங்குருதிக் கலங்களை ஒருங்கொட்டச் செய்வதை 1942 இல் பேணற் வெளியிட்டார். நோயுற்றெழுந்த கோழியின் குருதிப்பாயம் அவ்வொட்டலைத் தடுக்குமாதலால், இரண்டு மூன்று வார இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளை ஒப்பிட்டு அண்மைத் தொற்றை உறுதிசெய்தல் இயல்வதாயிற்று.

புதுவரவின் ஆபத்தை உலகறியச் செய்தது 1971 முதல் 1973 வரை கலிபோணியாவில் நிகழ்ந்த பேரழிவாகும். இறக்குமதி செய்யப்பட்ட வளர்ப்புப் பறவைகளோடு வந்த இந்நோயை ஒழிப்பதற்கு ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. செலவு 5 கோடியே 60 இலட்சம் டொலராயிற்று. கிளியினப் பறவைகளுட் சில, குறிகள் இன்றியே ஓராண்டுக்கு மேலாக வைரசை வெளியேற்றக்கூடியன எனப் பின்னர் அறியப்பட்டது.

பழையனவும் ஐயத்துக்குரியனவே

குற்றம் எப்பொழுதும் வந்தவருடையதே எனக் கொள்ளுதல் மனித இயல்பு. வரலாறு இதனை ஏற்பதில்லை. ஹாவேட் பல்கலைக்கழகத்து ரைசர் 1929 இல் கோழிகளின் கொக்சிடியா ஒட்டுண்ணி இனங்களை வகைப்படுத்தினார். பழைய கோழிகள் இவ்வொட்டுண்ணிக்குப் பழகிக் காப்புப் பெற்றிருக்கும். அவற்றின் எச்சம் படிந்த நிலத்தில் விடப்படும் இளங்கோழிகளே குருதிக் கழிச்சலால் மடியும். இங்கு நோய் வீட்டினது, பலியாவதே விருந்து. அன்றியும், கோழிகளிடையே கொத்தும் வரிசை ஒன்றுண்டு என்பதை நோர்வே நாட்டு ஷெல்டறப் எப்பே 1921 அளவில் விளக்கினார். புதிய பறவைகள் சேரும்பொழுது அவ்வரிசை குலைந்து, சண்டையும் தீனியிழப்பும் நேர்கின்றன. அவ்வலைச்சலில் உறங்கிக்கிடந்த மைக்கோபிளாசுமா இரு பக்கத்துக் கோழிகளிலும் விழித்தெழலாம். 'புதிய கோழி வந்தபின் நோய் வந்தது' என்பது வரிசையைக் கூறுமேயன்றிக் காரணத்தைக் கூறாது.

எனவேதான் இறந்த கோழியின் உடலைத் திறந்து நோக்கல் இன்றும் தன் மதிப்பை இழக்கவில்லை. நியூகாசில் நோயிற் சுரப்பி இரைப்பையிற் குருதிக் கசிவு காணப்படலாம். கொக்சிடியா நோயிற் குருட்டுக் குடல்கள் குருதியால் நிரம்பியிருக்கும். வாந்திபேதியில் ஈரலிற் குண்டூசித் தலையளவான வெண்புள்ளிகள் தோன்றலாம். சூலகத் தொற்றுடைய முதிர்ந்த பெட்டையிற் கருக்கள் உருக்குலைந்து தொங்கும். இவை ஐயத்தைத் திசைப்படுத்துவன. ஆய்வுகூடமே அதனை உறுதிசெய்யும்.

முடிவுரை

1997 இல் ஹொங்கொங்கில் எச்5 என்1 இன்புளுவென்சா 18 பேரைத் தொற்றி அறுவரின் உயிரைக் கவர்ந்தபோது, பல இடத்துப் பறவைகள் கலக்கும் உயிர்ச் சந்தைகளே ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தன. முற்றத்து வினா நகரத்தின் வினாவாயிற்று. கோழிக்கூட்டைப் பற்றிய அறிவு மனித நலத்தினின்றும் பிரிக்கவியலாதது என்பதை அது உணர்த்தியது.

இந்நெடிய வரலாறு தரும் நடைமுறை மிக எளிது. வந்த கோழியை ஏறத்தாழ முப்பது நாள் வேறிடத்தில் வைத்தல். பழையனவற்றைக் கவனித்த பின்னரே அதனைக் கவனித்தல். வந்த நாளையும் குறி தோன்றிய நாளையும் எழுதிவைத்தல். முதலிற் சாகும் கோழியைப் புதைத்துவிடாது மிருக வைத்தியரிடம் சேர்ப்பித்தல். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. முப்பது நாள் என்பது மேற்கூறிய நோயரும்பு காலங்களை எல்லாம் உள்ளடக்கும் எல்லையாகும். எனினும் வாழ்நாட் காவியை அது காட்டிக்கொடாது. அதற்குக் குருதிச் சோதனையே வேண்டும்.

எமது கிராமங்களில் நாலைந்து கோழிகள் என்பன பெரும்பாலும் இல்லத்துப் பெண்களின் கைமுதல். ஒரு வாரத்திற் கூடு வெறுமையாவது அவர்களுக்குச் சிறு இழப்பன்று. பாஸ்ரரின் கினிப்பன்றியிலிருந்து ஜோன்சின் குருதித்துளிவரை சேர்ந்த அறிவு ஆய்வுகூடங்களோடு நின்றுவிடாது அக்கூடுகளை அடையும்பொழுதே இவ்வரலாறு தன் பயனை எய்தும். அதனைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு, அவ்வறிவைத் தாய்மொழியிற் பெறும் வாய்ப்புடைய பல்கலைக்கழகச் சமூகத்துக்கும் உரியதாகும்.